மிஷின் இல்லைன்னுதானுங்க சொல்லுச்சு

இப்படி வந்து உக்காருங்க, இந்தப் பக்கம் வெயில் அடிக்காது. பையை மடியில வெச்சுட்டு எதுக்குச் சிரமப்படறீங்க, கீழ வைங்க, ஆரும் எடுக்க மாட்டாங்க. பிளாஸ்க்கு, தட்டு, போர்வை... ஆஸ்பத்திரிக்குங்களா? கோயமுத்தூருக்கா? சரி சரி. ஆருக்கு என்னன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா உங்களுக்கு வெசனம். நான் பல்லடத்துல எறங்கிக்குவேன். அது வரைக்கும் பேச ஒரு ஆளு கெடச்சா எனக்கும் நல்லதுதானுங்க.

ஆஸ்பத்திரின்னதும் ஞாபகம் வந்துருச்சு. ஞாபகம் என்ன ஞாபகம், மறந்தாத்தான வர்றதுக்கு.

என்ற பேரு சென்னியப்பன். காங்கேயத்துக்குப் பக்கத்துல தேங்காக் களம் வெச்சிருக்கறேன். தேங்காயை ஒடைச்சுக் காயப்போட்டுக் கொப்பரையாக்கி எண்ணெய் மில்லுக்கு ஏத்தி உடறது. அந்தப் பக்கம் ஆரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, சென்னியப்பன் எப்படிப்பட்ட ஆளுன்னு. ஒருத்தனும் கொறை சொல்ல மாட்டான். சொல்றவன் ஒருத்தன்தான். என்ற மச்சினன் குழந்தைவேலு. ஊட்டுக்காரியோட தம்பி. பல்லடத்துல ஸ்கூல் வேன் ஓட்டறான். 'எங்கக்கா கண்ணு ரெண்டும் போனதுக்கு எங்க மாமன்தான் காரணம்'னு ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரியறான்.

நீங்க ஒரு மூணாவது மனுசரு. கேட்டுட்டு ஞாயத்தைச் சொல்லுங்க.

ஊட்டுக்காரி பேரு சுலோச்சனா. மாசி கடைசியில ஆரம்பிச்சுதுங்க. பொழுது எறங்குனாக் காச்சல், விடிஞ்சா இல்ல. தலைவலி தலைவலின்னு ஒரே பாட்டு. களத்துல வெயில்ல நின்னு கொப்பரை பெரட்டறவளுக்குத் தலைவலி வராம என்னங்க வரும்? 'துண்டைத் தலைல போட்டுட்டு நில்லு'ன்னேன். உள்ளூரு டாக்டரு டைபாய்டுன்னு ஊசி போட்டாரு. போட்டாரு, போட்டுட்டே இருந்தாரு. காச்சல் போறதும் வர்றதுமா இருந்துச்சு. சோறு எறங்கல. எறங்குனதும் வெளிய வந்துருச்சு.

அப்பறம் ஒரு நாளு பாத்தா, அடுப்பையே பத்த வெக்காம மேல பாத்திரத்தை வெச்சுட்டு, பால் பொங்கட்டும்னு நின்னுட்டு இருக்கறா. சத்தம் போட்டேன். திரும்பி என்னையவே பாத்தா. 'ஏனுங்க, நீங்க ரெண்டு பேரா நிக்கறீங்க'ன்னா. எகத்தாளம் பேசறான்னு நெனச்சேன். மைதிலிதான், என்ற பொண்ணு, 'அம்மாவுக்கு எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரியுதாமாப்பா'ன்னு சொன்னா. சொன்னதோட உட்டாளா? எனக்குத் தெரியாம மாமனுக்குப் போன் பண்ணிட்டா. அவன் வேனை எடுத்துட்டு வந்து நிக்கறான்.

அந்தச் சமயத்துலதான் மைதிலிக்கு வெள்ளகோயில்ல ஒரு எடம் கூடி வந்துட்டு இருந்துச்சு. நெம்ப நல்ல எடம். சொந்தத்துல தோப்பு, பையன் இஞ்சினீயரு. அடுத்த வாரம் பொண்ணு பாக்க வர்றாங்கன்னு பேச்சு. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. பேச்சோட பேச்சாச் சொல்றேன்.

கோயமுத்தூருல ஒரு ஆஸ்பத்திரி. பேரு வேண்டாம். இன்னைக்கு நான் பேரைச் சொன்னா நாளைக்குக் கேஸு போட்டுருவாங்க, பொல்லாதவங்க. அங்க ஒரு டாக்டர் புள்ள. பெனிட்டான்னு பேரு. என்ற பொண்ணை உட ரெண்டு வயசோ மூணு வயசோ கூட இருக்கும், அவ்வளவுதான். சுலோச்சனாளைப் படுக்க வெச்சு, தலைக்கடியில கையைக் குடுத்துத் தூக்கிப் பாத்துச்சு. கழுத்து மடங்கல. பலகையாட்ட நின்னுச்சு.

'சார், மூளையைச் சுத்தி இருக்கிற உறையில கிருமி போயிருக்கு. டிபியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்'னுச்சு.

'டிபியா? ஆரு ஊட்ல? எங்க ஊட்லயா?'ன்னேன். டிபிங்கறது இருமி இருமிச் சாகறவனுக்கு வர்றதுங்க. இவ ஒரு நாளு தொண்டையைச் செருமுனதில்ல.

'நுரையீரல்ல மட்டும் வர்றதில்ல சார், இங்கயும் வரும். வந்தா நாளைக் கடத்தக் கூடாது. முதுகுத்தண்டுல இருந்து தண்ணி எடுத்து மிஷின்ல வெச்சுப் பாத்துடலாம். முன்னெல்லாம் கிருமியை வளர்த்துப் பாக்க வாரக்கணக்கில காத்திருக்கணும். இப்ப அந்தக் கிருமியோட மரபணு அதுல இருக்கான்னு மிஷினே தேடிடும். ரெண்டு மணி நேரத்துல சொல்லிடும்'னுச்சு.

மிஷின்னதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்துச்சு. பொய் சொல்லல, நான் மிஷினை நம்பற ஆளு. கொப்பரைல ஈரம் பாக்கறதுக்கு நானே ஒரு மிஷின் வெச்சிருக்கறேன். குத்துனா நெம்பர் காட்டும். காட்டுனாக் காட்டுனதுதான். மில்லுக்காரன்தான் ஒத்துக்க மாட்டான். ஒரு மூட்டையில குத்திச் சரியா இருந்தாலும் இன்னம் பத்து மூட்டையில குத்தோணும்பான். மேல காஞ்சிருக்கும், அடியில ஈரம் ஒளிஞ்சிருக்கும்பான். சந்தேகம் புடிச்சவன். மிஷினை நம்பாதவன் வேற எதைத்தானுங்க நம்புவான்?

டிக்கெட் எடுத்துட்டீங்களா? அந்தா கண்டக்டர் வர்றாரு... ஆங், சரி.

தண்ணி எடுக்கறப்ப என்னைய வெளிய நிக்கச் சொன்னாங்க. நான் நிப்பனா? கட்டுன பொண்டாட்டி. கொழந்தையாட்டச் சுருட்டி ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, முதுகெலும்புல ஊசியை எறக்குனாங்க. அவ 'அம்மா'ன்னா. ஊசி முனையில இருந்து சொட்டுச் சொட்டா உழுகுது, அந்தப் புள்ள குப்பியைப் புடிச்சுட்டு நிக்குது. புடிக்குது, புடிக்குது, உடவே மாட்டேங்குது. முதுகுல இருந்து வர்ற தண்ணிங்க! மூளைத் தண்ணி! அது போச்சுன்னா அப்பறம் மனுசி எந்திரிச்சு நடப்பாளா?

'போதும் நிறுத்து'ன்னேன்.

'இன்னும் கொஞ்சம் வேணும் சார். தண்ணி எவ்வளவு கூட இருக்கோ அவ்வளவு நல்லது. இதுல கிருமி ரொம்பக் கம்மியாத்தான் மிதக்கும்'னுச்சு.

நான் போயி அந்தப் புள்ள கையைப் புடிச்சுட்டேன். ஆமாங்க, புடிச்சேன். என்ன தப்பு? நர்ஸு கத்துது, வாட்ச்மேன் ஓடியாறான். என்ன ஆனாலும் அதோட நிறுத்த வெச்சுட்டேன். குப்பியில அடி மட்டும் நனைஞ்சிருந்துச்சு. அன்னைக்கு நான் அங்க இல்லாட்டி அவளை வத்த வத்த உறிஞ்சியிருப்பாங்க. இது குழந்தைவேலுக்குப் புரியாது. அவன் என்ன பண்ணான் தெரியுங்களா, என்னைய உட்டுட்டு அந்த டாக்டர் புள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டான்.

ரெண்டு மணி நேரம்னு சொன்னாங்கல்ல, சொன்னாப்லயே வந்துச்சு. இல்லைன்னு வந்துச்சுங்க! டிபி இல்ல! நான் அங்கியே கையெடுத்துக் கும்பிட்டேன். மைதிலிக்குப் போனைப் போட்டு, 'அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல சாமி, ஊட்டைக் கழுவி உடு, உன்னையப் பாக்க ஒறம்பரை வர்றாங்கல்ல'ன்னேன்.

அந்தப் புள்ள மூஞ்சில சிரிப்பே இல்ல. 'சார், இருக்குன்னு வந்தா நிச்சயமா இருக்கு. இல்லைன்னு வந்தா இல்லைன்னு அர்த்தம் இல்ல. அந்தத் தண்ணில சிக்கலைன்னுதான் அர்த்தம். தண்ணில சக்கரை நெம்பக் கொறைஞ்சிருக்கு, ஸ்கேன்லயும் தெரியுது, மூணு வாரத்துக்கு மேல காய்ச்சல். நான் இன்னைக்கே டிபி மருந்தை ஆரம்பிக்கறேன். நாளைக்கு மறுபடியும் தண்ணி எடுப்போம், கூடுதலா'ன்னுச்சு.

நீங்களே சொல்லுங்க. இருக்குன்னா இருக்கு. இல்லைன்னாலும் இருக்கு. அப்பறம் மிஷின் எதுக்குங்க? இவ என்ன, மிஷினுக்கு மேலயா? நான் கேட்டேன், 'ஏம்மா, மிஷினு இல்லைங்குது, நீ இருக்குங்கற, உன்ற கண்ணுல என்ன மிஷின் வெச்சிருக்கற'ன்னு. அதுக்கு அந்தப் புள்ள கோவிக்கல. நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு நேரா உக்காந்துக்குச்சு. 'சார், மருந்தை ஆரம்பிச்சு, அது டிபி இல்லைன்னு பின்னாடி தெரிஞ்சா நிறுத்திக்கலாம். ஆரம்பிக்காம விட்டு, அது டிபியா இருந்தா, நிறுத்தறதுக்கு ஆளே இருக்க மாட்டாங்க'ன்னு மெதுவாச் சொல்லுச்சு.

பயமுறுத்திப் பாக்குது. பாத்தீங்களா?

அதுவும் மருந்து மட்டும்னா நான் ஒத்துட்டிருப்பேன். டிபின்னு ஒரு தடவை பதிஞ்சுட்டா அப்பறம் உடுவாங்களா? சுகாதாரத்துல இருந்து ஆளு வருவாங்களாமா. ஊட்ல இருக்கற அத்தனை பேர்த்தையும் சோதிப்பாங்களாமா. வெள்ளகோயில்காரங்க வந்து உக்காந்திருக்கறப்ப வாசல்ல நின்னு 'இங்க டிபி பேசண்டு ஆருங்க'ன்னு கேட்டா? ஒரு பேச்சுக்குத்தானுங்க. அதை மனசுல வெச்சு நான் முடிவெடுக்கல. மிஷின் இல்லைன்னு சொல்லுச்சு, அதனாலதான்.

என்ற பொறுப்புலதான் கூட்டிட்டுப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டுக் கூட்டியாந்துட்டேன். கெளம்பறப்ப சுலோச்சனா என்ற கையைப் புடிச்சுட்டு, 'ஏனுங்க, அந்தப் புள்ள சொல்றதையே கேட்டுக்கலாமுங்க. எனக்குத் தலை தாங்கலீங்க'ன்னா. கண்ணாலமான நாள்ல இருந்து நான் ஒண்ணு சொல்லி அவ மறுத்துப் பேசுனதில்ல. அன்னைக்கு, ஊரு பேரு தெரியாத ஒரு புள்ள பேச்சைக் கேக்கலாங்கறா. நோவு எந்தளவுக்குப் புத்தியைக் கலக்கிருச்சுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சுங்க.

குழந்தைவேலு வேனைக் குடுக்க மாட்டேன்னுட்டான். வாடகைக் காரு புடிச்சேன்.

அப்படியே போட்டுட்டு இருந்தன்னு நெனைக்காதீங்க. காங்கேயத்துல ஒரு நர்சிங் ஹோம்ல சேர்த்துனேன். குளுக்கோஸ் ஏத்துனாங்க, தெம்புக்கு ஊசி போட்டாங்க. மிஷின் ரிப்போர்ட்டைக் காட்டுனேன். 'டிபி இல்லைன்னே வந்துருச்சா, அப்ப வேற ஏதோ காச்சல்தான்'னாரு டாக்டரு. எவ்வளவு பெரிய அனுபவஸ்தரு! சுலோச்சனா எந்திரிச்சு ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா. போதும்னு ஊட்டுக்குக் கூட்டியாந்துட்டேன்.

அவிநாசிபாளையம் தாண்டிட்டமா? பொங்கலூருதானா வருது? சரி, இன்னம் நேரம் இருக்குது.

வெள்ளகோயில்காரங்க வந்தாங்க. சுலோச்சனாளுக்குப் பட்டுச் சீலை கட்டி, பூ வெச்சு, சேர்ல உக்கார வெச்சோம். பின்னாடி சாஞ்சுக்க ஒரு தலகாணி. மைதிலி வேண்டாம்னு அழுதுச்சு. 'அம்மா இல்லாமப் பொண்ணு பாக்கறதா, அவங்க என்ன நெனப்பாங்க'ன்னு ஒரு அதட்டு அதட்டுனேன். வந்தவங்க அவகிட்டப் பேச்சுக் குடுத்தாங்க. அவ செவுத்தைப் பாத்துச் சிரிச்சுட்டே இருந்தா. மாப்பிள்ளையோட அம்மா எந்திரிச்சு வந்து அவ நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டு, 'ஏனுங்க, காச்சல் கொதிக்குதே'ன்னுச்சு. 'டைபாய்டுங்க, இப்பத்தான் தேறிட்டு வர்றா'ன்னேன். பூ வெச்சுட்டுப் போனாங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது.

மறுநாள் காத்தால அவளுக்கு வலிப்பு வந்துருச்சு.

நான் களத்துல இருந்தேன். போன் வந்து நான் ஊட்டுக்கு ஓடறதுக்குள்ள, அக்காளைப் பாக்க வந்திருந்த குழந்தைவேலு வேன்ல தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டான். அதே ஆஸ்பத்திரி, அதே புள்ள. நான் பின்னாடியே பஸ்ஸைப் புடிச்சுப் போறேன், வார்டு வாசல்ல இவன் கதவுக்குக் குறுக்க நிக்கறான். என்ற மச்சினன்! என்ற ஊட்டுச் சோத்தைத் தின்னு வளந்தவன்! 'உள்ள போனீங்கன்னா மாமான்னு பாக்க மாட்டேன்'ங்கறான். உள்ள மறுபடியும் தண்ணி எடுக்கறாங்க. இந்தத் தடவை எவ்வளவு எடுத்தாங்களோ, ஆருக்குத் தெரியும். கேக்கறதுக்குத்தான் நான் இல்லையே.

மிஷின் இருக்குன்னு சொல்லுச்சு.

இப்ப என்ற கேள்விக்கு வாங்க. அதே மிஷினு. அதே ரெண்டு மணி நேரம். அன்னைக்கு இல்ல, இன்னைக்கு இருக்கு. அப்ப, நடுவுல அது எங்கிருந்து வந்துச்சு? எங்க ஊட்ல ஆருக்கும் இல்ல. அப்பறம் சுகாதாரத்துக்காரங்க வந்து எல்லார்த்தையும் சோதிச்சாங்க, ஒருத்தருக்கும் இல்ல. அப்ப முதல் தடவை போனப்ப அந்த ஆஸ்பத்திரியிலதான ஒட்டியிருக்கோணும்? ஊசியிலயோ, கட்டில்லயோ, என்னமோ. நான் நேரா அந்த டாக்டர் புள்ளைகிட்டயே கேட்டேன். பத்துப் பேரு நிக்கறப்ப, சத்தமாவே கேட்டேன்.

அது என்னையப் பாத்துச்சு. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு, தூங்கியிருக்காதாட்ட இருக்குது. திரும்பி அடுத்த கட்டிலுக்குப் போயிருச்சு.

தப்பு இல்லைன்னா பதில் சொல்லோணுமல்லீங்க? பேசாமப் போனா என்ன அர்த்தம்? அதுலயே தெரிஞ்சு போச்சுல்ல?

பொழைச்சுட்டா. இல்லைன்னு சொல்லல, பொழைக்க வெச்சுட்டாங்க. கண்ணு ரெண்டும் போச்சு. மூளையில நீர் அழுத்தி, பார்வை நரம்பு செத்துப் போச்சாமா. ரெண்டா நின்ன நானு ஒண்ணாக் கூடத் தெரிய மாட்டேன் இப்ப. வருசம் முச்சூடும் மாத்திரை சாப்பிடோணும்னு சொன்னாங்க, சாப்பிட்டுட்டு இருக்கறா. நடக்கறா, செவுத்தைத் தடவித் தடவி. ஆஸ்பத்திரியில இருந்து உட்டப்ப நான் காரு கொண்டு போய் நின்னேன். 'எந்த ஊட்டுக்குங்க போறது'ன்னு குழந்தைவேலு அவகிட்டத்தான் கேட்டான், எங்கிட்டக் கேக்கல. 'உன்ற ஊட்டுக்கே போலாஞ் சாமி'ன்னா. அவ்வளவுதான். மைதிலியும் துணியை எடுத்துட்டுப் பின்னாலயே போயிட்டா.

வெள்ளகோயில் சம்பந்தமா? அதையுங் கேளுங்க. விசயம் தெரிஞ்சு நான் கையைப் பெசஞ்சுட்டு நிக்கறேன், அவங்களே வந்தாங்க. மாப்பிள்ளையோட அப்பா சொல்றாரு, 'டிபியா? இதுக்குப் போயி மறைச்சீங்களா? எங்கண்ணனுக்கு இருந்துச்சுங்க, மருந்து சாப்பிட்டு இப்பத் தென்னை மரம் ஏர்றாரு. முன்னாடியே சொல்லியிருந்தா நாங்களே ஆஸ்பத்திரிக்கு வந்து நின்னிருப்பமே'ங்கறாரு. இப்பச் சொல்லுவாங்க. அப்பச் சொல்லியிருந்தா இதே வாயி என்ன சொல்லியிருக்கும்? உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?

வேண்டாம்னது அவங்க இல்லீங்க. மைதிலிதான். 'எங்கம்மாளைச் சேர்ல சாத்தி வெச்சுப் பேசி முடிச்ச கண்ணாலம் எனக்கு வேண்டாம்'னு மாப்பிள்ளைப் பையனுக்கே போன் போட்டுச் சொல்லியிருக்குது. ஆரோட நல்லதுக்காக நான் இத்தனையும் பண்ணேன்? ம்? ஆருக்காக?

இல்லீங்க, கண்ணாலத்துக்காகப் பண்ணேன்னு சொல்லல. மிஷின் சொல்லுச்சு, பண்ணேன். வாய் தவறி வந்துருச்சு.

அந்தப் பிளாஸ்க்கைக் கொஞ்சம் நகத்தி வைங்க, கால்ல இடிக்குது.

இப்பவும் குழந்தைவேலு ஊட்டுக்குத்தான் போறேன். வெசாழக்கெழமையானாப் போவேன், அன்னைக்கு மத்தியானம் அவன் வேனோட போயிருவான், மைதிலியும் வேலைக்குப் போயிருக்கும். அவன் பொண்டாட்டி மட்டும் இருக்கும். நல்ல புள்ள, கேட்டைத் தொறந்து உடும், வாயைத் தொறக்காது. சுலோச்சனா வேப்ப மரத்தடியில உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சுட்டு இருப்பா. கை பாட்டுக்குப் போகும். நான் எதுத்தாப்ல போயி ஸ்டூல்ல உக்காந்துக்குவேன்.

பேச மாட்டேன். மொதல் தடவை போனப்பப் பேசுனேன். 'சுலோச்சனா, நாந்தான்'ன்னேன். கையில இருந்த வெங்காயத்தை மொறத்துல வெச்சுட்டு, செவுத்தைத் தடவிட்டு உள்ள போயிட்டா. அன்னைக்குச் சோறே திங்கலியாமா. பேசாம இருந்தேன்னா, அங்கியே உக்காந்திருக்கறா. அதனால பேசறதில்ல.

ஸ்டூலு சத்தங் கேட்டா, 'ஆரு வந்திருக்கறாங்க'ன்னு கேப்பா. தம்பி பொண்டாட்டி உள்ள இருந்து எதையாச்சும் சொல்லும். ஒரு வாரம் கரண்ட்டு ரீடிங் எடுக்கறவருங்கும். ஒரு வாரம் கேபிள்காரருங்கும். 'பாவம், வெயில்ல வந்திருப்பாரு, மோர் குடுத்து அனுப்பு'ம்பா. எனக்கு அவ ஒரு நாளும் அப்படிப் பரிஞ்சு சொன்னதில்லீங்க, எம் முன்னாடி பேசவே பயந்துக்குவா. மோர் வரும். குடிப்பேன்.

போன வாரம் அவளே எம் பக்கம் திரும்பி, 'உப்புப் பத்துதுங்களா'ன்னு கேட்டா.

தலையை ஆட்டுனேன்.

இன்னொரு வெங்காயத்தை உரிச்சுட்டு, மறுபடியும் கேட்டா. 'ஏனுங்க, உப்புப் பத்துதுங்களா?'

மறுபடியும் தலையை ஆட்டுனேனுங்க. வேற என்ன பண்றது?

பல்லடம் வந்துருச்சு. காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்க, எறங்கிக்கறேன்.